மாதக் கணக்கில் ஆர்வியில் தங்க எந்த கேம்ப்கிரவுண்ட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு, "ஆறு மாசம் அரிசோனா பக்கம் போய் இருந்து பார்க்கலாமா?" என்று கேட்கும் நம்மவர்கள் அமெரிக்காவில் கூடிவிட்டார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோம், டிரக்கின் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லர் இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே ஆர்வி என்கிறேன். எந்த வண்டி வாங்குவது என்பது தனிக் கதை. வாங்கியாகிவிட்டது, எங்கே நிறுத்தி மாதக் கணக்கில் இருப்பது என்று கேட்பவர்களுக்கான பதில்கள் இவை. வார இறுதிக்கு கேம்ப்கிரவுண்ட் பிடிக்கிற மனநிலையில் இதில் இறங்காதீர்கள். வாடகை வீடு பார்க்கும்போது இருக்கிற அத்தனை சந்தேகமும் இங்கேயும் வேண்டும்.

மாதக் கணக்கில் தங்க விடுகிற இடங்கள் எவை?

பெரும்பாலும் தனியார் ஆர்வி பார்க்குகள்தான். தினக் கட்டணம், வாரக் கட்டணம், மாதக் கட்டணம் என்று மூன்றும் வைத்திருப்பார்கள். மாதக் கட்டணம் தினக் கணக்கைவிட மிகவும் மலிவாக வரும். சில பார்க்குகள் மாத வாடிக்கையாளர்களை வாங்கவே வாங்காது. சிலவற்றில் அவர்களுக்கென்று பின்வரிசையை ஒதுக்கியிருப்பார்கள். முன்வரிசையின் படத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, குப்பைத் தொட்டி ஓரத்துப் பின்வரிசையில் போய் நிற்பது சகஜம். அதனால் "மாதத்துக்கு எந்த சைட் எண்கள்?" (சைட் என்பது ஒரு வண்டி நிற்கும் இடம்) என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

மாநிலப் பூங்காக்களிலும் தேசிய வனங்களிலும் பொதுவாக 14 நாள்தான் உச்சவரம்பு. நிலம் அழகாக இருக்கும், கட்டணமும் குறைவு. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டிக்கொண்டு கிளம்பவேண்டும். வேலை, பள்ளிக்கூடம் என்று உள்ள குடும்பத்துக்கு அது ஒத்துவராது.

நடுவில் ஒரு வகை உண்டு. பிஎல்எம் என்கிற மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை, 1983 முதல் அரிசோனா, கலிஃபோர்னியா பாலைவனங்களில் நீண்டகாலத் தங்குமிடங்களை நடத்துகிறது. குவார்ட்ஸைட் ஊரருகே லா போசா, யூமா பக்கம் இம்பீரியல் டேம் ஆகியவை பெயர்பெற்றவை. சீசன் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. ஏழு மாதத்துக்கும் சேர்த்து அனுமதிச் சீட்டு நெடுங்காலம் 180 டாலராக இருந்தது. போகும் முன் அந்த ஆண்டுக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அள்ளிக் கொடுக்கிறார்களே என்று தோன்றும். ஆனால் சைட்டில் மின்சாரமும் கிடையாது, தண்ணீர்க் குழாயும் கிடையாது. சோலார், பேட்டரி, தண்ணீர் டேங்க், கழிவு டேங்க் எல்லாம் உங்கள் பாடு. ஆர்வி வாழ்க்கைக்குப் புதியவர்கள் அங்கே தொடங்கவேண்டாம்.

இணையத்தில் நட்சத்திரம் நிறைய வைத்திருக்கிற பார்க் என்றால் நம்பலாமா?

அந்த நட்சத்திரங்களைப் போட்டவர்களில் பெரும்பகுதி ஓரிரவு தங்கிவிட்டுக் காலையில் கிளம்பியவர்கள். அவர்களுக்கு நுழைவாயில் அகலம், அலுவலகத்துப் பெண்மணியின் புன்னகை, நீச்சல்குளம் போதும். மூன்றாவது வாரத்தில் துணி துவைக்கும் இயந்திரம் பழுதாகி நின்றால் யார் வந்து பார்க்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

விமர்சனங்களைப் புதியதிலிருந்து பழையதாக அடுக்கிப் படியுங்கள். மாதவாசிகள் எழுதியவற்றை மட்டும் தேடுங்கள். "மீட்டர்", "டெபாசிட்", "புது ஓனர்" என்ற சொற்கள் வருகிற இடங்களில் நின்று படியுங்கள். கை மாறிய பார்க்கின் பழைய நட்சத்திரங்களுக்கு மதிப்பில்லை. பிறகு சேட்டிலைட் படத்தில் பார்க்கைத் திறந்து பாருங்கள்: வண்டிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, மரம் எத்தனை, வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது. இது எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: முதலில் ஒரு வாரத்துக்கு மட்டும் பணம் கட்டித் தங்கிப் பாருங்கள். மாதக் கட்டணம் கட்டினால் பெரும்பாலும் திரும்பி வராது. வாரக் கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அது தண்டம் இல்லை.

மொத்தத்தில் மாதம் எவ்வளவு ஆகும்?

இடத்துக்கு இடம் மலையும் மடுவுமாக மாறும். சாதாரண ஊர்களில் 500 டாலரிலிருந்து 1,000 டாலருக்குள் சைட் வாடகை பரவலாகக் கிடைக்கும். கலிஃபோர்னியாக் கடலோரம், ஃப்ளோரிடாவின் குளிர்கால சீசன் என்றால் அதைத் தாண்டும். டெக்ஸஸின் மிட்லண்ட், ஒடெஸ்ஸா போன்ற எண்ணெய் வயல் ஊர்களில் கிணறு தோண்டும் வேலை சூடுபிடித்தால் வாடகையும் சூடுபிடிக்கும், இடமும் கிடைக்காது.

வாடகையைவிட அதிர்ச்சி தருவது மின்கட்டணம்தான். தினக் கட்டணத்தில் மின்சாரம் சேர்த்தி. மாதக் கட்டணத்தில் பெரும்பாலும் தனி மீட்டர். கூரை மேலே இருக்கும் ஒரு ஏசி ஓடினால் மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட். கோடையில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடும் என்று வைத்தால் 18 யூனிட், மாதத்துக்கு 540 யூனிட். யூனிட் 15 சென்ட் என்றால் 81 டாலர். பெரிய வண்டியில் ஏசி இரண்டு. அப்போது 162 டாலர். ஆர்வியின் சுவர் மெல்லியது, வீட்டுக் கணக்கு அங்கே செல்லாது. யூனிட் விலை என்ன, மீட்டரை யார் எந்தத் தேதியில் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். குடிவந்த அன்றே மீட்டர் எண் தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரியையும் பாருங்கள். தங்குமிடங்களுக்கான வரி, குறிப்பிட்ட காலத்துக்கு மேல் தங்கினால் பல மாநிலங்களில் விலகிவிடும். ஃப்ளோரிடாவில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எழுத்து ஒப்பந்தம் இருக்கவேண்டும். ஐந்து மாதமா, ஏழு மாதமா என்று தடுமாறுகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கலாம்.

30 ஆம்ப் போதுமா, 50 ஆம்ப் வேண்டுமா?

உங்கள் வண்டி எந்த மின் இணைப்புக்குச் செய்யப்பட்டதோ அதுதான். ஆனால் வித்தியாசம் தெரிந்திருக்கவேண்டும். 30 ஆம்ப் என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். 50 ஆம்ப்பில் 120 வோல்ட் லைன் இரண்டு வருவதால் மொத்தம் 12,000 வாட். பேரில் இரண்டு மடங்குகூட இல்லை, கையில் மூன்று மடங்குக்கும் மேல்.

நம் சமையலறையில் இதை வைத்துப் பாருங்கள். ஏசி ஓடுகிறது: 13 ஆம்ப். இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்துக் குக்கரை ஏற்றுகிறீர்கள்: 15 ஆம்ப். 28 ஆகிவிட்டது. குளிக்கப் போகிறவர் மின்சார ஹீட்டரைத் தட்டினால் இன்னொரு 12. பிரேக்கர் படக்கென்று விழும். குக்கர் அரை விசிலில் நிற்கும். 30 ஆம்ப் வண்டியில் இருப்பவர்கள் இதற்குப் பழகிவிடுவார்கள்: ஹீட்டரை கேஸுக்கு மாற்றிவிட்டுக் குளிப்பது, தேங்காய் அரைக்கிற இரண்டு நிமிடம் மைக்ரோவேவைத் தொடாமல் இருப்பது. ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியை மறந்துவிடுங்கள். இங்கே விற்கிற 110 வோல்ட் மிக்ஸிதான் சரி.

நேரில் பார்க்கப் போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நீச்சல்குளத்தை விட்டுவிடுங்கள். உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் அந்த சைட்டில் போய் நின்று, குனிந்து பாருங்கள்.

முதலில் மின்கம்பப் பெட்டி. பெடஸ்டல் என்பார்கள். கதவைத் திறந்தால் சாக்கெட் ஓரத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருக்கிறதா? பிளக்கைச் செருகினால் லொடலொடவென்று ஆடுகிறதா? அப்படியானால் அங்கே ஏற்கெனவே சூடேறி எரிந்திருக்கிறது. வேறு சைட் கேளுங்கள். சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் சின்ன வோல்ட்மீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். காலை பத்து மணிக்கு 120 காட்டும், அதில் ஒன்றும் தெரியாது. கோடையில் மாலை ஐந்து மணிக்கு, எல்லா வண்டியிலும் ஏசி இரையும் நேரத்தில் பாருங்கள். பழைய பார்க்குகளில் அப்போது 110, 105 என்று சரியும். குறைந்த வோல்ட்டில் ஓடி ஏசி கம்ப்ரசர் கெட்டால் செலவு உங்களுடையது. 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானே துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்புக் கருவிகள் விற்கிறார்கள். நீண்டகாலம் தங்குகிறவர்கள் அது இல்லாமல் இருக்கக்கூடாது.

அடுத்தது கழிவுநீர்க் குழாய். தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? உங்கள் வண்டியின் கழிவு வாயைவிட அது தாழ்ந்திருக்கவேண்டும். சில இடங்களில் குழாய் தரைக்கு மேலே நாலு விரல் நீட்டிக்கொண்டு, வண்டிக்கு ரொம்ப தூரத்திலும் இருக்கும். அங்கே ஹோஸில் தேங்கி நிற்பதை நீங்கள் கையால் தூக்கித் தூக்கித் தள்ளவேண்டியிருக்கும், வாரா வாரம். இதோடு சேர்ந்த ஒரு விஷயம்: ஃபுல் ஹூக்கப் (மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் சைட்டிலேயே) இருக்கிறதே என்று கழிப்பறை டேங்கின் வால்வைத் திறந்தே விட்டுவிடாதீர்கள். நீர் மட்டும் வடிந்து, மற்றது உள்ளேயே இறுகிக் குன்றாக நின்றுவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தபிறகு திறப்பதே முறை.

தண்ணீர்க் குழாயில் அழுத்தம் 40 முதல் 60 பிஎஸ்ஐ வரை இருந்தால் நிம்மதி. அதற்கு மேலே போனால் வண்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்புகள் தாங்காது, ரெகுலேட்டர் போடவேண்டும். ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தும் பாருங்கள். உப்புத் தண்ணீர் என்றால் காபி முதல் ஹீட்டர் வரை எல்லாவற்றிலும் காட்டிக்கொடுக்கும்.

துவைக்கும் இயந்திரங்களை எண்ணுங்கள், எத்தனை சைட்டுக்கு எத்தனை என்று. ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த அறை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை உள்ளே நடந்து வாருங்கள். விளக்கு இருக்கிறதா, யார் எப்படிப் பேசுகிறார்கள், நாய் எங்கே கட்டியிருக்கிறது என்று பகலில் தெரியாதது எல்லாம் தெரிந்துவிடும். வண்டியில் வந்து இறங்கும் குழாய் பதிக்கும் தொழிலாளர், ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கும் நர்ஸ்கள், கட்டடத் தொழிலாளர் இருக்கிற பார்க்கைக் கண்டு சிலர் முகம் சுளிப்பார்கள். என் அனுபவத்தில் காலை நாலரைக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர்களைப் போல அமைதியான அண்டைவீட்டார் கிடையாது.

ஆற்றங்கரை சைட் கிடைக்கிறது, எடுக்கலாமா?

ஒரு வார இறுதிக்கு, வானிலை பார்த்துவிட்டு, எடுக்கலாம். குடியிருக்க எடுக்கவேண்டாம் என்பதே என் பதில்.

2025 ஜூலை 4 விடியுமுன் டெக்ஸஸின் குவாடலூப் ஆறு 45 நிமிடத்தில் ஏறத்தாழ 26 அடி உயர்ந்தது. கெர் கவுண்டியில் கரையோர ஆர்வி பார்க்குகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் வண்டியோடு அடித்துச் செல்லப்பட்டார்கள். அந்த வெள்ளத்தில் மத்திய டெக்ஸஸில் இறந்தவர்கள் 130 பேருக்கும் மேல். அதற்கு முன், 2010 ஜூன் 11 அன்று ஆர்கன்சாவில் ஆல்பர்ட் பைக் கேம்ப்கிரவுண்டில் லிட்டில் மிசூரி ஆறு இரவில் பொங்கி 20 பேர் மாண்டார்கள். இரண்டிலும் ஒரே கதை: இரவு, மலைப்பகுதி, குறுகிய பள்ளத்தாக்கு, மேலே கொட்டிய மழை. நீங்கள் இருக்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமல் இருக்கலாம்.

ஃபீமா என்னும் பேரிடர் மேலாண்மை நிறுவனத்தின் வெள்ள வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பார்க்கின் முகவரியைப் போட்டால் மண்டலம் தெரியும். 'ஏ' அல்லது 'ஏஈ' என்று வந்தால், எந்த ஒரு ஆண்டிலும் வெள்ளம் வர நூற்றுக்கு ஒரு வாய்ப்பு என்று பொருள். "நூறு வருஷ வெள்ளம்" என்று பார்க் ஓனர் சொல்வதைக் கேட்டுவிட்டு, நூறு வருஷத்துக்கு ஒருமுறைதானே என்று இருந்துவிடாதீர்கள். மேட்டுக்கு ஏற எத்தனை வழி, இரவு செல்போன் சிக்னல் வருமா என்று பாருங்கள். வானிலை எச்சரிக்கை ரேடியோ ஒன்று வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். வெள்ளம் வந்தால் வண்டியைக் காப்பாற்ற நிற்காமல் ஓடவேண்டும்.

டொர்னேடோ என்கிற சுழல்காற்று வீசும் பகுதி என்றால் கேள்வி இன்னும் எளிது: புகலிட அறை பார்க்கில் இருக்கிறதா, இரவில் அது பூட்டியிருக்குமா? டொர்னேடோவுக்கு முன் ஆர்வி வெறும் பெட்டி.

குளிர்காலத்தில் வட மாநிலத்திலேயே இருக்கலாமா?

இருக்கலாம், இருக்கிறார்கள். கேஸ் கணக்கை மட்டும் முதலிலேயே போட்டுவிடுங்கள். 30 பவுண்டு சிலிண்டரில் ஏறக்குறைய 7 காலன் புரோப்பேன் பிடிக்கும். வண்டியில் வரும் 30,000 பிடியூ ஹீட்டர் ஒரு காலனை மூன்று மணி நேரத்தில் எரித்துவிடும். ஆகச் சிலிண்டர் ஒன்று 21 மணி நேர ஓட்டம். கடுங்குளிரில் நாளில் பாதி நேரம் ஓடினால் இரண்டு நாள்கூட வராது. பனியில் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அலைவதற்குப் பதில், பெரிய டேங்க் வைத்து லாரியில் வந்து நிரப்பிப் போக பார்க் அனுமதிக்கிறதா என்று கேளுங்கள். வண்டியின் அடியில் காற்று புகாமல் சுற்றிலும் மறைப்புக் கட்டவும் அனுமதி வேண்டும். அழகு கெடும் என்று சில பார்க்குகள் மறுக்கும். தண்ணீர்க் குழாய் உறையாத வகையா, சூடேறும் ஹோஸ் போட பக்கத்தில் சாக்கெட் உண்டா என்பதையும் கேளுங்கள்.

பத்து வருட விதி என்கிறார்களே, அது என்ன?

பல தனியார் பார்க்குகள் பத்து வருடத்துக்கு மேல் பழைய வண்டிகளை மாத வாடகைக்கு எடுப்பதில்லை. சட்டம் இல்லை, அவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம். வண்டி பளிச்சென்று இருந்தால் படம் அனுப்பச் சொல்லி விட்டுவிடுவார்கள். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

குழந்தைகளோடு இருக்கிறோம். "55+" பார்க்கில் இடம் மலிவாக இருக்கிறதே?

கிடைக்காது. 1995ஆம் ஆண்டின் சட்டப்படி, குடியிருக்கும் இடங்களில் 80 சதவீதத்திலாவது 55 வயது நிரம்பிய ஒருவர் இருந்தால், அந்த இடம் குழந்தைகள் உள்ள குடும்பத்தை மறுக்கலாம். அரிசோனாவின் மேசா, யூமா, டெக்ஸஸின் ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில் இப்படிப்பட்ட பார்க்குகள் நிறைய. நவம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்தும் கனடாவிலிருந்தும் பெரியவர்கள் வந்து நிரம்பிவிடுவார்கள். அந்த மாதங்களுக்கு இடம் வேண்டும் என்றால் 55+ அல்லாத பார்க்கிலும் முந்தின வசந்த காலத்திலேயே சொல்லிவைக்கவேண்டும். கோடையில் அதே ஊரில் பாதிப் பார்க் காலி. ஏன் என்று 110 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் இறங்கி நின்றால் தெரியும்.

ஊரிலிருந்து அம்மா அப்பா ஆறு மாதம் வருகிறார்கள். கூட வைத்துக்கொள்ளலாமா?

மாதக் கட்டணம் பெரும்பாலும் இரண்டு பேருக்கு. கூடுதல் ஆளுக்குத் தனிக் கட்டணம், விருந்தாளி இத்தனை இரவுதான் என்ற விதி எல்லாம் இருக்கும். முன்கூட்டியே சொல்லி எழுத்தில் வாங்கிவிடுங்கள். என்னைக் கேட்டால், அதே பார்க்கில் வாடகைக்கு விடும் சின்ன கேபின் ஒன்றை அவர்களுக்கு எடுத்துக் கொடுப்பேன். எழுபது வயதில் மூன்று படி ஏறி, பக்கவாட்டில் திரும்பிக் குளியலறைக்குள் நுழைவது முதல் வாரம்தான் வேடிக்கை.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். லேப்டாப்பும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் வேலை செய்யலாம்தானே?

இந்தப் பக்கத்தில் மிகக் கவனமாகப் படிக்கவேண்டிய பதில் இது. எச்-1பி மனு ஒரு வேலையிடத்தோடு கட்டப்பட்டது. வீட்டிலிருந்து வேலை செய்தால் உங்கள் வீடே அந்த வேலையிடம். ஆர்வியை வேறு மாநகரப் பகுதிக்கு ஓட்டிப்போய் அங்கிருந்து மாதக் கணக்கில் வேலை செய்தால் வேலையிடம் மாறிவிட்டது என்றுதான் ஆகும். 2015இல் வந்த சிமியோ சொல்யூஷன்ஸ் தீர்ப்புக்குப் பிறகு, தொழிலாளர் துறையிடம் புதிய விண்ணப்பம் தேவைப்படும் அளவுக்கு இடம் மாறினால் கம்பெனி திருத்திய மனுவைத் தாக்கல் செய்யவேண்டும். குறுகிய காலத்துக்கு விலக்குகள் உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்பதைக் கம்பெனியின் குடியேற்ற வக்கீலிடம் எழுத்தில் கேளுங்கள். "மேனேஜர் ஓகே சொல்லிட்டார்" என்பது பதிலாகாது. அதே மாநகரப் பகுதிக்குள், பழைய வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் பார்க் எடுத்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

முகவரி மாறிய பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 என்கிற முகவரி மாற்றப் படிவம் போடவேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இது உண்டு. குடியுரிமை பெற்றவர்களுக்குத்தான் இல்லை. மாதம் ஒரு பார்க் என்று சுற்றினால் மாதம் ஒரு படிவம்.

சைட் இலவசம், பதிலுக்கு வாரம் சில மணி நேரம் வேலை செய்யவேண்டும் என்கிறார்கள். செய்யலாமா?

குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் தாராளமாக. ஓய்வுபெற்ற அமெரிக்கர்கள் நிறையப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். எச்-1பியிலோ, குடும்பத்தாருக்கான எச்-4இல் வேலை அனுமதி இல்லாமலோ இருப்பவர்களும், சுற்றுலா விசாவில் வந்த பெற்றோரும் செய்யக்கூடாது. இலவச இடமும் கூலிதான்.

தபால், லைசென்ஸ், வரி எல்லாம் எந்த முகவரியில்?

பார்க் அலுவலகம் உங்கள் பார்சலை வாங்கி வைக்குமா என்று முதலில் கேளுங்கள், சில வைப்பதில்லை. நிலையான முகவரி வேண்டுமென்றால் தபாலை வாங்கி அனுப்பிவைக்கும் சேவைகள் உண்டு. டெக்ஸஸின் லிவிங்ஸ்டனில் உள்ள எஸ்கேப்பீஸ் என்கிற ஆர்வி சங்கம் இதற்குப் பெயர்போனது. எந்தச் சேவையாக இருந்தாலும் உங்கள் தபாலை அவர்கள் வாங்க அனுமதி தரும் அஞ்சல் துறையின் 1583 எண் படிவத்தில் கையெழுத்திடவேண்டும்.

முழுநேர ஆர்விவாசிகள் டெக்ஸஸ், ஃப்ளோரிடா, தெற்கு டகோட்டா ஆகிய மூன்றில் ஒன்றைச் சொந்த மாநிலமாக வைத்துக்கொள்வார்கள். மூன்றிலும் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. ஆனால் கலிஃபோர்னியாவில் நிறுத்தி அங்கிருந்து வேலை செய்துகொண்டே டெக்ஸஸ் முகவரியைக் காட்டினால் வரி போய்விடாது. வேலை செய்யும் மாநிலமும் கேட்கும். டெக்ஸஸில் குடியேறினால் வண்டிப் பதிவுக்கு 30 நாள், லைசென்ஸுக்கு 90 நாள் அவகாசம். உடல்நலக் காப்பீட்டின் மருத்துவர் பட்டியல் அந்த ஊரில் செல்லுமா என்பதையும் பாருங்கள்.

பார்க் வைஃபை போதுமா?

வீடியோ கூட்டம் உள்ளவர்களுக்குப் போதாது. மாலை ஏழு மணிக்கு எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்தால் அது நின்றுவிடும். சொந்தமாக ஸ்டார்லிங்கோ செல்போன் வழி இணையமோ வேண்டும். ஸ்டார்லிங்குக்கு வானம் திறந்திருக்கவேண்டும், குறிப்பாக வடக்குப் பக்கம். டெக்ஸஸ் வெயிலுக்கு மரநிழல் சைட் தேடிப் பிடித்தால் இணையம் அறுந்து அறுந்து வரும். நிழலா, சிக்னலா என்று கணவன் மனைவி பேசி முடிவெடுத்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

தாளிப்பு வாசனைக்கு அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்களா?

வெங்காயச் சாம்பாருக்கு வந்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு உட்கார்ந்தவர்கள்தான் அதிகம். உண்மையான தொந்தரவு வண்டிக்குள் இருக்கிறது: சின்ன இடம், சின்ன விசிறி, திரைச்சீலையெல்லாம் எண்ணெய் வாடை. வெளியே மேசை போட்டு அடுப்பு வைக்கப் பார்க் விடுமா என்று கேளுங்கள். வறுத்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், கழுவுநீர் டேங்கில் படிந்து சென்சாரைக் கெடுக்கும். அமைதி நேரம் வழக்கமாக இரவு பத்து மணி முதல். மிக்ஸியை அதற்கு முன் முடித்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

வாடகை எப்போது ஏறும், முன்னறிவிப்பு எத்தனை நாள், டெபாசிட் எந்தக் காரணத்துக்குப் பிடிப்பார்கள், நடுவில் ஊருக்குப் போனால் வண்டியை நிறுத்திவைக்கலாமா. இந்த நான்கும் எழுத்தில் இருக்கவேண்டும்.

நீண்டநாள் இருந்தால் சட்டம் உங்களை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கும். கலிஃபோர்னியாவில் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் இருந்தால் வாடகைதாரர். ஒன்பது மாதம் ஆனால் குடியிருப்பாளர், சட்டத்தில் சொல்லியுள்ள காரணம் இல்லாமல் எழுப்பிவிட முடியாது. அதனால்தான் சில பார்க்குகள் அந்தக் கெடு வருமுன் சில நாள் வெளியே போய்வரச் சொல்கின்றன. முன்பே தெரிந்தால் அந்த நாட்களில் ஒரு பயணம் வைத்துக்கொள்ளலாம்.

வண்டிப் பக்கமும் இரண்டு தாள் பாருங்கள். முழுநேரம் குடியிருந்தால் வாரண்டி செல்லாது என்று பல தயாரிப்பாளர்கள் எழுதியிருப்பார்கள். காப்பீட்டிலும் முழுநேர வாசிகளுக்கென்று தனி பாலிசி உண்டு; சாதாரண பாலிசியில் ஆறு மாதம் குடியிருந்துவிட்டு, படியில் வழுக்கி விழுந்த விருந்தாளிக்குப் பணம் கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

பார்க் பக்கத்தில் தண்டவாளம் இருக்கிறது, பரவாயில்லையா?

தண்டவாளத்தைவிட, சாலை அதைக் கடக்கும் கடவு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கடவுக்கு முன் ரயில் 15 முதல் 20 வினாடி ஹாரன் அடிக்கவேண்டும் என்பது மத்திய விதி: இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம், 96 டெசிபலுக்குக் குறையாமல். இரவு இரண்டு மணி சரக்கு ரயிலுக்கும் இதே விதிதான். ஹாரன் விலக்கு பெற்ற ஊர்கள் சில உண்டு. அந்த ஊர் அப்படியா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு பார்க்.